மைட்ரல் கிளிப் போட்ட பிறகு: பலன் கிடைத்ததா என்று பார்ப்பது எப்படி

இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு கசிந்ததால், மார்பைத் திறக்காமல், தொடைச் சிரை வழியாகக் குழாய் செலுத்தி, வால்வின் இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் போட்டவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில், அதிகம் போனால் ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். காயம் என்று பார்த்தால் தொடை இடுக்கில் ஒரு சிறு துளை, அவ்வளவுதான். அதனாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பும் சீக்கிரம் வந்துவிடுகிறது. உண்மையில் முதல் 30 நாளில்தான் கவனிக்க வேண்டியவை அதிகம். கிளிப் இடம் மாறினால் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் மாறும். மருந்தின் அளவை மாற்றி அமைப்பதும், அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) எடுப்பதும் அந்தக் காலத்தில்தான். சிகிச்சை முடிந்தவரும் அவரைக் கவனித்துக்கொள்பவரும் எதை, எப்போது, எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறோம்.

முதலில் கசிவின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இது தெரியாமல் பலனைப் பற்றிப் பேச முடியாது. மைட்ரல் வால்வுக்கு இரண்டு இதழ்கள். இதழ் தொய்ந்தோ, அதைப் பிடித்திருக்கும் நாண் அறுந்தோ ரத்தம் பின்னோக்கிக் கசிந்தால் அது முதல்நிலைக் கசிவு, கோளாறு வால்வில்தான். இதழ் நன்றாக இருந்தும், இதயத் தசை பலவீனமாகி இடது கீழறை விரிந்ததால் இரு இதழ்களும் ஒன்றையொன்று எட்ட முடியாமல் கசிந்தால் அது இரண்டாம்நிலைக் கசிவு. அங்கே கோளாறு தசையில். முதல் வகையில் கசிவை அடைத்தால் நோயின் மூலத்தையே தொட்ட மாதிரி. இரண்டாம் வகையில் கசிவு அடைபட்ட பிறகும் பலவீனமான தசை அப்படியேதான் இருக்கும். மருந்தை விடக் கூடாது என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

முதல்நிலைக் கசிவில், அறுவை சிகிச்சையைத் தாங்கக்கூடியவருக்கு இன்றும் அறுவைதான் முதல் தேர்வு. 2011இல் வெளியான எவரெஸ்ட் 2 ஆய்வு 279 பேரை இரு பிரிவாக்கி கிளிப்பையும் அறுவையையும் ஒப்பிட்டது. முதல் 30 நாளில் பெரிய பாதிப்புகள் கிளிப் பிரிவில் 15 சதவீதம், அறுவைப் பிரிவில் 48 சதவீதம். அறுவைப் பிரிவின் எண்ணிக்கை உயர்ந்ததற்கு முக்கியக் காரணம் ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. ஆனால் ஐந்து ஆண்டு முடிவில், வால்வுக் கோளாறுக்காக அறுவையோ மறு அறுவையோ தேவைப்பட்டவர்கள் கிளிப் பிரிவில் 27.9 சதவீதம், அறுவைப் பிரிவில் 8.9 சதவீதம். கிளிப் பிரிவில் நடந்த அறுவைகளில் பெரும்பாலானவை முதல் ஆறு மாதத்துக்குள் நடந்தவை. அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு வால்வு இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நின்றது. இவை முதல் தலைமுறைக் கிளிப்பின் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். இப்போது கைகளின் நீளமும் அகலமும் வேறுபடும் பல அளவுக் கிளிப்புகள் உண்டு.

இரண்டாம்நிலைக் கசிவில் 2018இல் இரண்டு ஆய்வுகள் வந்து மருத்துவ உலகைக் குழப்பின. 614 பேரைச் சேர்த்த கோஆப்ட் ஆய்வில், இரண்டு ஆண்டுக்குள் இறந்தவர்கள் கிளிப் போட்ட பிரிவில் 29.1 சதவீதம், மருந்து மட்டும் எடுத்த பிரிவில் 46.1 சதவீதம். பிரான்சில் 304 பேரிடம் நடந்த மித்ரா-எஃப்.ஆர். ஆய்விலோ ஓர் ஆண்டில் இறப்பு அல்லது இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனை சேர்க்கை கிளிப் போட்டவர்களுக்கு 54.6 சதவீதம், கிளிப் இல்லாதவர்களுக்கு 51.3 சதவீதம், வித்தியாசமே இல்லை. காரணங்களில் முக்கியமானது, சேர்க்கப்பட்ட நோயாளிகள் வேறு. கோஆப்டில் கசிவுத் துளை சராசரியாக 41 சதுர மி.மீ.; கீழறை அந்த அளவுக்கு விரியவில்லை. மித்ரா-எஃப்.ஆரில் துளை 31 சதுர மி.மீ.; கீழறை மிகவும் விரிந்திருந்தது. மேலும், கோஆப்டில் மருந்துகளை உச்ச அளவுக்கு ஏற்றிய பிறகும் கசிவு குறையாதவர்களை மட்டுமே சேர்த்தார்கள். நோயாளிக்குப் பொருள் இதுதான்: தசை அதிகம் கெட்டு, கசிவு அதற்குத் துணைக்கு வந்தது என்றால் கிளிப்பிடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. உங்கள் மருத்துவரிடம், "இவருக்குக் கசிவு பெரிதா, தசைக் கோளாறு பெரிதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலிலேயே எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது பாதி தெரிந்துவிடும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் தேட வேண்டிய நான்கு எண்கள்

சிகிச்சை மேசையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏறத்தாழ 8 மி.மீ. விட்டமுள்ள குழாய் வலது தொடைச் சிரையில் நுழைந்து, வலது மேலறையிலிருந்து சுவரைத் துளைத்து இடது மேலறைக்குப் போகிறது. உணவுக்குழாயில் இறக்கிய எக்கோ கருவியின் படத்தைப் பார்த்தபடி, கசியும் இடத்தில் இரு இதழ்களின் விளிம்பையும் கிளிப் சேர்த்துப் பிடிக்கிறது. ஒரே வாயாக இருந்த வால்வு நடுவில் பிடிபட்டு இரட்டை வாய் ஆகிறது. கசிவு குறையும், கூடவே வழியும் சுருங்கும். பலனைப் பற்றிய கணக்கு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஆகவே சம்மரியில் முதலில் பார்க்க வேண்டியது மீதமுள்ள கசிவின் தரம். இதை 0 முதல் 4+ வரை எழுதுவார்கள். 1+ லேசானது, 2+ மிதமானது, 3+ மிதத்துக்கும் கடுமைக்கும் இடைப்பட்டது, 4+ கடுமையானது. 2+ அல்லது அதற்குக் கீழே வந்தால் வெற்றி என்பது வழக்கம். ஆனால் 1+ஆகக் குறைந்தவர்கள் 2+இல் நின்றவர்களைவிட நன்றாக இருக்கிறார்கள் என்பதால், மருத்துவர்கள் இப்போது 1+ஐத்தான் குறிவைக்கிறார்கள்.

இரண்டாவது, வால்வின் இருபுறமும் உள்ள சராசரி அழுத்த வேறுபாடு. எக்கோ தாளில் 'மீன் கிரேடியன்ட்' என்று இருக்கும். 5 மி.மீ. பாதரசம் வரை இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் போனால் கிளிப் வழியை அளவுக்கு மீறிச் சுருக்கிவிட்டதோ என்று யோசிக்க வேண்டும். மூன்றாவது, அந்த எக்கோ எடுத்தபோது இருந்த இதயத் துடிப்பு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. துடிப்பு எண் இல்லாத கிரேடியன்ட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. நான்காவது, பம்பிங் எனப்படும் ஈ.எஃப். சதவீதம், அதாவது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒவ்வொரு துடிப்பிலும் பிழியப்படுகிறது என்ற கணக்கு.

ஒரு கற்பனைத் தாளை எடுத்துக்கொள்வோம். வீடு திரும்பிய நாளில்: "மீதக் கசிவு 1+, சராசரி கிரேடியன்ட் 4, துடிப்பு 68, ஈ.எஃப். 35". ஒரு மாதம் கழித்து: "கசிவு 1+, கிரேடியன்ட் 7, துடிப்பு 108, ஈ.எஃப். 30". பார்த்தவுடன் வால்வு அடைத்துக்கொண்டது, பம்பிங் விழுந்துவிட்டது என்று பதறுவார்கள். துடிப்பைப் பாருங்கள்: 68 எங்கே, 108 எங்கே. துடிப்பு வேகமாகும்போது வால்வு திறந்திருக்கும் நேரம் குறைகிறது. அதே ரத்தம் குறைந்த நேரத்தில் பாய வேண்டியிருப்பதால் கிரேடியன்ட் ஏறுகிறது. இவருக்குச் செய்ய வேண்டிய முதல் வேலை ஈ.சி.ஜி. எடுத்து, புதிதாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு) வந்திருக்கிறதா என்று பார்ப்பது. துடிப்பை 70க்குப் பக்கத்தில் கொண்டுவந்து எக்கோவைத் திரும்ப எடுத்தால் பெரும்பாலும் 4 அல்லது 5தான் இருக்கும். அப்போதும் 7 என்றால் வழி சுருங்கியிருக்கிறது என்று பொருள்.

ஈ.எஃப். குறைந்ததற்கும் விளக்கம் உண்டு. கசிவு இருந்தபோது கீழறை பிழிந்த ரத்தத்தில் ஒரு பகுதி எளிதாக மேலறைக்குத் திரும்பியது. அதையும் சேர்த்துத்தான் ஈ.எஃப். கணக்கு. எனவே கசிவு இருக்கும்வரை அந்த எண் உண்மையைவிட நன்றாகவே தெரியும். அந்தப் பின்கதவு மூடிய பிறகு கீழறை முழு அழுத்தத்துக்கு எதிராக வேலை செய்கிறது. சில புள்ளிகள் இறங்குவது எதிர்பார்த்ததுதான். கடுமையான முதல்நிலைக் கசிவில் 60 சதவீதத்தையே எச்சரிக்கைக் கோடாக வைத்திருப்பதும் இதனால்தான்.

எக்கோவை ஒப்பிடத்தக்கதாக எடுப்பது

மயக்க மருந்தின் கீழ் ரத்த அழுத்தம் குறைவாக இருக்கும். அப்போது கசிவும் குறைவாகவே தெரியும். மேசையில் 1+ என்றது, விழித்து உட்கார்ந்து அழுத்தம் 150ஐத் தொடும்போது 2+ ஆகத் தெரியலாம். அதனால் ஒப்பிடுவதற்கு அடிப்படையாக மேசையில் எழுதிய எண்ணை வைக்கக் கூடாது. வீடு திரும்புமுன் மார்பின் மேல் வைத்து எடுத்த எக்கோவைத்தான் வைக்க வேண்டும். அதை எடுக்காமல் அனுப்பினால் கேட்டு வாங்குங்கள். பிறகு 30 நாள், 6 மாதம், 12 மாதம், அதன்பின் ஆண்டுக்கொரு முறை.

ஒவ்வொரு முறையும் முடிந்தவரை அதே இடத்தில் எடுங்கள். அன்றைய காலை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு போங்கள். எக்கோ எடுப்பதற்கு முன் ரத்த அழுத்தமும் துடிப்பும் பார்த்துத் தாளில் எழுதச் சொல்லுங்கள். கிளிப் போட்ட வால்வில் கசிவு இரண்டு மூன்று கீற்றாக வரலாம். வண்ணப் படத்தில் அவை ஒன்றாகச் சேர்ந்து பெரிதாகத் தெரிவதும் உண்டு. "கசிவு கூடியிருக்கிறது" என்று ஒரு தாள் சொன்னால், நுரையீரல் சிரைகளின் ரத்த ஓட்டம், மேலறையின் அளவு, நுரையீரல் அழுத்தம் ஆகியவையும் கூடவே மோசமாகியுள்ளனவா என்று கேளுங்கள். இவை எல்லாம் அப்படியே இருந்து வண்ணம் மட்டும் பெரிதாகத் தெரிந்தால் அவசரப்பட வேண்டியதில்லை. சந்தேகம் தீராவிட்டால் உணவுக்குழாய் எக்கோதான் முடிவு சொல்லும்.

வீட்டில் முதல் வாரம்

தொடைத் துளையைத் தையல் போட்டோ, மூடும் சாதனத்தாலோ அடைத்திருப்பார்கள். எட்டு வடிவத் தையல் என்றால் வீடு திரும்புமுன் பிரித்திருக்க வேண்டும். பிரித்தார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோலில் ரத்தம் கன்றிய சிறு நீலத் திட்டு, தொட்டால் கோலிக்குண்டு அளவுக் கட்டி, லேசான வலி ஆகியவை சாதாரணம். திட்டு கீழ்நோக்கி இறங்கி மஞ்சளாகி மறைய இரண்டு மூன்று வாரம் ஆகும். கட்டி நாளுக்கு நாள் பெரிதானாலோ, அதில் துடிப்பு தெரிந்தாலோ, கால் சில்லிட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ உடனே காட்ட வேண்டும். திடீரென ரத்தம் கசிந்தால் மல்லாந்து படுத்து, வேறொருவர் சுத்தமான துணியால் துளையின் மேல் 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நடுவில் கையை எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. 10 நிமிடத்திலும் நிற்கவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அழுத்துவதை விடாதீர்கள்.

ஒரு வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம், குத்துக்காலிட்டு உட்கார வேண்டாம், மலம் கழிக்க முக்க வேண்டாம். மலச்சிக்கல் வராமல் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். தொட்டி, குளம், நீச்சல் எல்லாம் துளை ஆறும் வரை கூடாது. தொண்டைக் கரகரப்பு எக்கோ கருவியால் வருவது. ஓரிரு நாளில் போய்விடும். விழுங்க முடியாத வலி, கழுத்தில் வீக்கம், ரத்த வாந்தி, காய்ச்சலோடு நெஞ்சு வலி ஆகியவை வேறு விஷயம். உணவுக்குழாய் காயப்பட்டிருக்கலாம் என்பதால் அன்றைக்கே போக வேண்டும்.

நடப்பதற்குத் தடை இல்லை. முதல் நாள் வீட்டுக்குள் 5 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. பிறகு தினமும் ஓரிரு நிமிடம் கூட்டிக்கொண்டே போய் ஒரு மாதத்தில் தொடர்ந்து 20–30 நிமிடம் வந்தால் நல்லது. நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். வார்த்தை வார்த்தையாகத் திணறினால் வேகம் அதிகம்.

எடை நோட்டு

இதைவிட மலிவான, இதைவிட நம்பகமான எச்சரிக்கைக் கருவி இல்லை. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பிறகு, எதையும் சாப்பிடுவதற்கு முன், அதே எடை இயந்திரத்தில், அதே மாதிரி லேசான உடையில் நின்று பார்த்து எழுதுங்கள். பக்கத்திலேயே ரத்த அழுத்தம், துடிப்பு, இரவில் எத்தனை தலையணை, கணுக்காலில் வீக்கம் உண்டா என்று ஒரு வரி. மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது. மூச்சு வாங்குவது பெரும்பாலும் அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். எடை முன்னாலேயே சொல்லிவிடும். அன்றைக்கே தொலைபேசியில் சொல்லி நீர் மாத்திரையை மாற்றிக்கொண்டால் மருத்துவமனையில் சேரும் நிலையைப் பல நேரம் தவிர்த்துவிடலாம்.

எடை இறங்குவதையும் கவனியுங்கள். கிளிப் போட்டுக் கசிவு அடைபட்ட பிறகு பழைய அளவு நீர் மாத்திரையையே தொடர்ந்தால் சிலருக்கு உடல் வறண்டு, எழுந்து நின்றால் தலை சுற்றி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறிவிடும். ஒரு வாரத்துக்குள் கிரியாட்டினின், பொட்டாசியம், சோடியம் ஒரு முறை பார்ப்பது நல்லது.

மருந்து

கிளிப் புதிதாக இருக்கும்போது அதன்மேல் ரத்தக் கட்டி படியாமல் இருக்க மருந்து தேவை. எவரெஸ்ட் ஆய்வில் ஆஸ்பிரின் ஆறு மாதமும் குளோபிடோக்ரல் 75 மி.கி. ஒரு மாதமும் கொடுத்தார்கள். இன்று மையத்துக்கு மையம் வேறுபடுகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்து ஏற்கெனவே வார்ஃபரின், அபிக்சபான் போன்றவை எடுப்பவர்களுக்கு அதுவே பெரும்பாலும் போதும். சம்மரியில் இந்த மாத்திரைகள் இரண்டோ மூன்றோ ஒன்றாக எழுதியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் நிறுத்தும் தேதியை அங்கேயே எழுதி வாங்குங்கள். ஒரு மாதத்துக்கென்று தொடங்கிய மாத்திரை யாரும் நிறுத்தச் சொல்லாததால் இரண்டு ஆண்டாக ஓடி, கடைசியில் வயிற்றில் ரத்தக் கசிவோடு வருபவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறான தவறு, பல் பிடுங்குகிறார்கள் என்று தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது.

இரண்டாம்நிலைக் கசிவு உள்ளவர்களுக்கு தசைக்கான நான்கு வகை மருந்தும் தொடர வேண்டும்: சக்குபிட்ரில்-வல்சார்டான் அல்லது அதன் இடத்தில் ராமிப்ரில் போன்றவை, கார்வெடிலால் போன்ற பீட்டா தடுப்பான், ஸ்பைரனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை. உடம்பு தேறியது என்று இவற்றில் ஒன்றை விட்டால் உடனே ஒன்றும் தெரியாது. போகப்போகக் கீழறை மேலும் விரியலாம், கிளிப் பிடித்த இதழ்கள் இருபுறமும் இழுபடலாம், கசிவு திரும்பலாம். ஒரு நன்மையும் உண்டு. கசிவு இருந்தபோது அழுத்தம் 90க்குக் கீழே போய்விடுமோ என்று குறைத்து வைத்திருந்த மருந்துகளை, கிளிப்புக்குப் பிறகு பலருக்கு ஏற்ற முடிகிறது. 30 நாள் சந்திப்பில் "இப்போது ஏற்றலாமா?" என்று நீங்களே கேளுங்கள். ஸ்பைரனோலாக்டோனைத் தொடங்கினாலோ கூட்டினாலோ ஒரு வாரத்திலும் நான்கு வாரத்திலும் பொட்டாசியம் பார்க்க வேண்டும், 5.5ஐத் தாண்டினால் அளவைக் குறைப்பார்கள்.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வேண்டவே வேண்டாம். அவை உப்பையும் நீரையும் தேக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்து, ரத்தக் கசிவையும் கூட்டும். பாராசிட்டமால் போதும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள்.

எது கெடலாம், எப்படித் தெரியும்

அதிகம் பேசப்படுவது, கிளிப் ஓர் இதழிலிருந்து கழன்று மற்றொன்றில் மட்டும் தொங்குவது. 100 பேரில் ஓரிருவருக்கு நடக்கும். பிடிக்கும்போது இதழ் போதிய நீளம் உள்ளே போகாததும், இதழ் மெலிந்தோ சுண்ணாம்பு படிந்தோ இருந்ததும் முக்கியக் காரணங்கள். துணி உலர்த்தும் கிளிப் ஓரத்தை மட்டும் கவ்வினால் எப்படி நழுவுமோ அப்படி. நன்றாக இருந்தவருக்கு ஓரிரு நாளில் பழையபடி மூச்சு வாங்கும், படுத்தால் இருமல் வரும், எக்கோவில் கசிவு 3+ அல்லது 4+. இன்னொரு இதழ் இன்னும் பிடித்திருப்பதால் கிளிப் ரத்தத்தில் மிதந்து போவது மிக அரிது. பக்கத்திலேயே இன்னொரு கிளிப் போட்டுப் பல நேரம் சரிசெய்யலாம். சில மாதங்களில் கிளிப்பைச் சுற்றித் திசு வளர்ந்து இரு இதழ்களையும் பாலம் போல இணைத்துவிடும். அதற்குப் பிறகு கழல்வது அபூர்வம். கோஆப்டில் ஐந்து ஆண்டு பார்த்ததில், சாதனத்தால் வந்த பாதிப்பு 293 பேரில் 4 பேருக்கு மட்டுமே. நான்கும் முதல் 30 நாளுக்குள் வந்தவை.

குழாய் போன சுவர்த்துளை பலருக்குத் தானாகச் சிறுத்து மூடும். சிலருக்கு ஓர் ஆண்டு கழித்தும் திறந்திருக்கும். பொதுவாகத் தொந்தரவு தராது. வலது பக்க அறைகள் விரிந்தாலோ, ரத்தம் வலமிருந்து இடமாகப் பாய்ந்து ஆக்சிஜன் அளவு இறங்கினாலோ அடைக்க வேண்டி வரும். எக்கோ தாளில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இதய உறைக்குள் ரத்தம் தேங்குவது முதல் நாள்களின் ஆபத்து: அழுத்தம் விழும், துடிப்பு ஏறும், கழுத்துச் சிரை புடைக்கும். முகம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது எந்த நாளில் வந்தாலும் பக்கவாதச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு நிமிடம் தாமதிக்காமல் போக வேண்டும்.

காரணம் தெரியாத காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். இந்த வரிசை முக்கியம். மாத்திரை ஒரு நாள் உள்ளே போய்விட்டாலே கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். வால்வில் தொற்று இருந்தால் கண்டுபிடிப்பது பல வாரம் தள்ளிப்போகும். ஈறைத் தொடும் பல் சிகிச்சைக்கு 30–60 நிமிடம் முன் அமாக்சிசிலின் 2 கிராம் ஒரே வேளையாக எடுப்பது வழக்கம். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் அசித்ரோமைசின் 500 மி.கி. போன்ற மாற்று தருவார்கள். கிளிப்பின் விவரம் எழுதிய அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள். மைட்ராகிளிப் என்ற வகைக் கிளிப் போட்டவர்களுக்கு 1.5, 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. இரண்டும் நிபந்தனையோடு எடுக்கலாம். அட்டையைக் காட்டாவிட்டால் மறுத்துவிடுவார்கள்.

தேறியிருக்கிறோமா என்று அளப்பது

"இப்போது பரவாயில்லை" என்பதை எண்ணாக மாற்றினால்தான் ஆறு மாதம் கழித்து ஒப்பிட முடியும். இதற்கு இரண்டு வழிகள் போதும். ஒன்று ஆறு நிமிட நடை: 30 மீட்டர் நேரான தாழ்வாரம், இரு முனையிலும் அடையாளம், ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடந்தார், எத்தனை முறை நின்றார் என்று எழுதுவது. நிற்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. இன்னொன்று நோயாளியின் அறிகுறிகளையும் அன்றாட வாழ்க்கைத்தரத்தையும் கேட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் கே.சி.சி.க்யூ. கேள்வித்தாள். அதில் 5 புள்ளி கூடினால் சிறு முன்னேற்றம், 10 என்றால் நடுத்தரம், 20 என்றால் பெரிது.

ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். கோஆப்டில் ஓர் ஆண்டு முடிவில் கிளிப் போட்டவர்களின் ஆறு நிமிட நடை சராசரியாக ஏறவில்லை. 2 மீட்டர் குறைந்திருந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கோ 60 மீட்டர் குறைந்திருந்தது. அதாவது இரண்டாம்நிலைக் கசிவில் பலன் பல நேரம் "இறங்காமல் நிற்பது" என்ற வடிவில் வரும். போன வருடம் போலவே நடக்கிறார் என்றால் அதுவும் பலன்தான். நாண் அறுந்து கடுமையாகக் கசிந்தவர்களுக்குக் கதை வேறு; அவர்களில் பலர் அந்த வாரமே மட்டமாகப் படுத்துத் தூங்குவார்கள்.

டிரைகஸ்பிட் கிளிப்பும் சிறு வெட்டு அறுவையும்

வலது பக்க டிரைகஸ்பிட் வால்வுக்குக் கிளிப் போட்டவர்கள் மூச்சைவிட வயிற்றுச் சுற்றளவு, கால் வீக்கம், பசி, கல்லீரல் எண்கள் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். 2023இல் வெளியான டிரைலூமினேட் ஆய்வில் 350 பேர். 30 நாளில் கிளிப் போட்டவர்களில் 87 சதவீதத்தினருக்குக் கசிவு மிதமான அளவுக்கோ அதற்குக் கீழோ வந்தது, போடாதவர்களில் 4.8 சதவீதம்தான். கே.சி.சி.க்யூ. வாழ்க்கைத்தர மதிப்பெண் 12.3 கூடியது, மற்றவர்களுக்கு 0.6. ஆனால் ஓர் ஆண்டில் இறப்பு விகிதம் மாறவில்லை. நிம்மதி கூடும். ஆனால் ஆயுளும் கூடும் என்று அந்த ஓராண்டுக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது.

வலது விலா இடுக்கில் சிறு வெட்டு வழியாக மைட்ரல் வால்வைத் தைத்து வளையம் வைத்தவர்களுக்கு, இதழ் பழுதுபார்ப்பின் தரம் மார்பெலும்பைத் திறந்து செய்யும் முழு அறுவைக்குச் சமமானது. பிரிட்டனில் 330 பேரை வைத்து நடந்து 2023இல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் உடல் இயக்கம் இரு பிரிவிலும் ஒன்றாகவே இருந்தது. மருத்துவமனை நாள்கள்தான் 6இலிருந்து 5ஆகக் குறைந்தன. மார்பெலும்பு கூடும் வரை காத்திருக்க வேண்டாம் என்பது லாபம். விலா இடுக்கு நரம்பு வலி சில வாரம் இருக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் முதல் வாரத்தில் அடிக்கடி வரும். துடிப்பு ஒழுங்கில்லாமல் படபடத்தால் ஈ.சி.ஜி. எடுங்கள்.

மூன்று மாதம் ஆகியும் தேறவில்லை என்றால்

வால்வைக் குறைசொல்லுமுன் வரிசையாகப் பாருங்கள். துடிப்பு ஒழுங்காக, 80க்குக் கீழே இருக்கிறதா? ஹீமோகுளோபினும் இரும்புச் சத்தும் போதுமா? தைராய்டு, சிறுநீரகம் எப்படி? நீர் மாத்திரை குறைவா, கூடுதலா? நுரையீரல் நோய் ஏதும் உண்டா? இவை சரி என்றால் எக்கோ: கசிவு 3+ஆ, கிரேடியன்ட் ஏறியதா, சுவர்த்துளை பெரிதா, டிரைகஸ்பிட் கசிகிறதா, நுரையீரல் அழுத்தம் இறங்கவே இல்லையா?

கசிவு திரும்பியிருந்து கிரேடியன்ட் 4க்குள் இருந்தால் இன்னொரு கிளிப்புக்கு இடம் உண்டு. கிரேடியன்ட் ஏற்கெனவே 6, 7 என்றால் அடுத்த கிளிப் கசிவைக் குறைத்து மூச்சிரைப்பை அப்படியே விட்டுவிடும். அப்போது மிச்சமிருப்பது அறுவைதான். கிளிப்பைச் சுற்றித் திசு வளர்ந்த இதழைப் பழுதுபார்க்க முடிவது அரிது, பெரும்பாலும் வால்வையே மாற்ற வேண்டி வரும். அறுவையைத் தாங்கக்கூடிய, முதல்நிலைக் கசிவு உள்ள ஒருவருக்கு முதலில் கிளிப் போட்டுப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால், பின்னால் பழுதுபார்க்கும் வாய்ப்பு இதனால் போய்விடுமா என்ற கேள்வியைக் கையெழுத்துப் போடுமுன் கேட்டுவிட வேண்டும்.